ஒலிக்கூடம் வீடு வந்த வரலாறு



பாடுவோர் மிடற்றிலிருந்து எழும் ஒலி காற்றிலே பிறந்து காற்றிலே மறைவது. அதனைப் பிடித்து நிறுத்த மனிதன் மேற்கொண்ட முயற்சி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கதை. இன்று சேலத்திலோ, நாமக்கல்லிலோ, இராசிபுரத்திலோ கல்லூரியில் பயிலும் மாணவனோ மாணவியோ வீட்டு அறையில் ஒரு கணிப்பொறியையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் வைத்துக்கொண்டு பாட்டமைத்து, அதைப் பதிந்து, உலகோர் கேட்க அனுப்பிவிட முடிகிறது. எந்த மென்பொருளைக் கொள்வது, எந்த ஒலிபெருக்கியைத் தேர்வது என்பதே அவர்கள் முன் நிற்கும் முதல் வினா. இதற்குக் கடைக்காரர் ஒரு விடை கூறுவார். விளம்பரம் மற்றொரு விடை கூறும். வரலாறு கூறும் விடை யாது என்பதை இன்று காண்போம்.

அமெரிக்க நாட்டு எடிசன் 1877ஆம் ஆண்டில் பேசும் பொறியைச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை வகுத்தார். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுக் குரல்களும் தட்டில் ஏறின. அவற்றுள் ஒன்று சேலம் கோதாவரி அம்மையாரின் குரல். அந்நாளில் மின்சாரத்தின் உதவி ஒலிப்பதிவுக்கு இல்லை. ஒலிப்பதிவாளர் முகாமிட்ட நகருக்குப் பாடகர் செல்லவேண்டும். பெரிய கூம்புக் குழலின் வாயருகே முகத்தை வைத்துக் குரலை உயர்த்திப் பாடவேண்டும். அக்குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே இடம். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனை அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்கிற்று. மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் குழலில் அகப்படவில்லை. கருவி எதனைக் கேட்டதோ அதுவே பின்வந்தோர்க்கு இசையாக எஞ்சியது. இது வரலாறு கற்பிக்கும் முதற் பாடம். கருவியைத் தேர்பவன் தன்னை அறியாமலே இசையின் ஒரு பகுதியைத் தேர்கிறான். மற்றொரு பகுதியைக் கைவிடுகிறான்.

1925ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம். ஒலிவாங்கியும் மின் பெருக்கியும் கொண்டு இசைத்தட்டுகளைப் பதியும் முறை அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலறிஞர்கள் இன்றைய ஒலிபெருக்கியின் மூலவடிவத்தை வெளியிட்டனர். காந்தத்தின் இடையே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் ஏறி இறங்கச் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளி ஒலியாக்குகிறது. நூறாண்டுக்குப் பின்னும் நம் மேசைமேல் நிற்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் இந்த நெறியிலேயே இயங்குகிறது.

மின்முறை ஒலிப்பதிவு பேசும் படத்தைப் பிறப்பித்தது. 1931இல் 'காளிதாஸ்' வெளியாயிற்று. சில ஆண்டுகளில் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று வந்தவர், சேலத்தில் ஏர்க்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அதன் முதற்படமான 'சதி அகல்யா' 1937இல் வந்தது. முதல் மலையாளப் பேசும் படமாகிய 'பாலன்' 1938இல் இந்நிறுவனம் தயாரித்ததே. எல்லிஸ் டங்கன் பணிபுரிந்த, ஜி. ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' 1950இலும், வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் இங்கிருந்து வெளிவந்தன.

இந்த ஒலிக்கூடத்தின் உழைப்பு முறையை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடகர் ஒருவர், வாத்தியக்காரர் பலர், ஒலிவாங்கியின் முன் யார் எங்கே நிற்பது என்று வகுத்த ஒலிப்பதிவாளர் ஒருவர். அந்நாளில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பின்னர்ச் சேர்க்கும் வசதி இல்லை. மிருதங்கம் மிஞ்சினால் மிருதங்கக்காரர் இரண்டடி பின்னே நகரவேண்டும். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்கவேண்டும். இசையமைத்தல் ஒருவர் பொறுப்பு. பாடுதல் ஒருவர் பொறுப்பு. செவியால் தீர்ப்பளித்தல் இன்னொருவர் பொறுப்பு. சுந்தரம் 1963இல் காலமானார். அந்தப் படநிறுவனம் இன்று இயங்கவில்லை. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் சேலத்தில் நிற்கிறது. அங்கே பலர் பகிர்ந்துகொண்ட பொறுப்புகள் யாவும் இன்று வீட்டு அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் தலைமேல் வந்துவிட்டன.

இடையே காந்த நாடா தோன்றிற்று. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மேக்னட்டோபோன்' என்னும் நாடாப் பதிவுக் கருவி காட்டப்பட்டது. பின்னர் அது சிறுத்துக் கையில் தூக்கிச் செல்லத் தக்கதாயிற்று. அதனால் விளைந்த நன்மைக்குக் கொங்கு நாட்டிலேயே சான்றுண்டு. 1965இல் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் காங்கேயம் பகுதிச் சிற்றூரொன்றில் அண்ணன்மார் கதையை, உடுக்கை அடித்துப் பாடுவோர் பல இரவுகள் பாடப் பாட, நாடாவில் பதிந்தார். முன்னே பாடகர் கருவியைத் தேடிச் சென்றார். இப்போது கருவி பாடகரைத் தேடி வந்தது. மூன்று நிமிடக் கட்டும் அறுந்தது. ஒரு நெடுங்கதை தன் இயல்பான நீளத்தோடு நிலைபெற்றது.

1963இல் வந்த பிலிப்ஸ் ஒலிநாடாப் பேழை ஒலிப்பதிவை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எனினும், பல ஒலிகளை அடுக்கி இசையமைக்கும் ஆற்றல் பெருங்கூடங்களிலேயே இருந்தது. அதனை வீட்டுக்குக் கொணர்ந்தவை இரண்டு. ஒன்று, 1983இல் இசைக்கருவிகளும் கணிப்பொறியும் உரையாடுவதற்கென வகுக்கப்பட்ட 'மிடி' என்னும் பொதுமுறை. மற்றொன்று, ஒலியை எண்களாக்கும் வித்தை. 1982இல் வந்த குறுந்தகட்டில் ஒவ்வொரு நொடியும் 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்குமாதலின், அதன் இருமடங்குக்கு மேற்பட்ட இந்த அளவு நமக்குப் போதும் என்பது கணித விதி. 1989இல் ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 'கியூபேஸ்' மென்பொருளை வெளியிட்டது. அதே காலத்தில் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு ஓர் ஒலிக்கூடம் அமைத்தார். 1992இல் 'ரோஜா' படத்தின் இசை நாடெங்கும் ஒலித்தபோது, பெருங்கூடத்தின் காலம் மாறத் தொடங்கிற்று என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

இனி மென்பொருளைத் தேரும் முறையைக் காண்போம். இவை யாவும் எண்களைக் கூட்டியும் பெருக்கியுமே ஒலியைக் கலக்கின்றன. ஆதலின், விலையுயர்ந்த மென்பொருளில் கலந்த ஒலி அதனாலேயே இனிமை மிகும் என்பதற்கு அடிப்படை இல்லை. 'ஆடாசிட்டி' 2000ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கிறது; 'எல்எம்எம்எஸ்' போன்றனவும் அவ்வாறே. தொடங்குவோர்க்கு இவை போதும். விலையைக் காட்டிலும் மூன்று சோதனைகள் முக்கியம்.

முதலாவது, தாளம். பல மென்பொருள்கள் திறந்தவுடன் நான்கு நான்காக எண்ணும் மேலைக் கட்டத்தையே நம்முன் விரிக்கின்றன. மிச்ர சாபுவின் ஏழும் கண்ட சாபுவின் ஐந்தும் அதில் எளிதாக அமையுமா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, கமகம். 1997இல் 'ஆட்டோ டியூன்' என்னும் சுருதி திருத்தும் மென்பொருள் வந்தது. அதனை ஆக்கிய ஹில்டிபிராண்டு, முன்பு நில அதிர்வலைகளைக் கொண்டு எண்ணெய் வளம் தேடும் பணியில் இருந்தவர். பன்னிரு சுரப் படிகளில் குரலை நிறுத்துவது இத்தகைய திருத்தத்தின் தொழில். நம் இசையின் உயிரோ ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே அசையும் கமகத்தில் இருக்கிறது. கருத்தின்றிப் பயன்படுத்தினால் தோடியின் அசைவைப் பிழையென்று எண்ணி அது நேராக்கிவிடும். மூன்றாவது, தாமதம். பாடிய குரல் கணிப்பொறி வழியாகத் திரும்பிச் செவிக்கு வரும் காலம் நொடியில் நூறிலொரு பங்கானால், அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்கு ஒப்பாகும், அதைப் பொறுக்கலாம். அதற்கு மேல் வளர்ந்தால் தாளம் தடுமாறும்.

ஒலிபெருக்கியைத் தேர்வதிலோ வரலாறு ஒரு வியப்பான கதையைச் சொல்கிறது. 1978இல் ஜப்பானிய யமஹா நிறுவனம் 'என்எஸ் 10' என்னும் சிறு ஒலிபெருக்கியை வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென விற்பனைக்குக் கொணர்ந்தது. அங்கே அதற்கு நல்வரவேற்பு இல்லை. குறைகளை மறைத்து இனிமையூட்டும் குணம் அதனிடம் இல்லை. ஒலிக்கூடத்தார் அந்தக் குணமின்மையையே விரும்பினர். அதில் கேட்டுத் திருத்திய பாட்டு எந்த ஒலிபெருக்கியிலும் நன்கு ஒலிக்கும் என்று கண்டு, உலகெங்கும் அதனை மேசைமேல் ஏற்றினர். 2001இல் அதன் உற்பத்தி நின்றது; புகழ் நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமும் 1970களில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகள் போன்ற குறுகிய இடங்களுக்கென 'எல்எஸ் 3/5ஏ' என்னும் சிறு ஒலிபெருக்கியை வகுத்தது. பேச்சுக்குரலின் இயல்பு கெடாமல் ஒலிப்பதே அதன் சிறப்பு.

இவற்றிலிருந்து பெறப்படுவது என்ன? பாட்டை உண்பவர்க்கு இனிப்பான ஒலிபெருக்கி வேண்டும். பாட்டைச் சமைப்பவர்க்கு உள்ளதை உள்ளவாறு உரைக்கும் ஒலிபெருக்கி வேண்டும். தாழ்ந்த ஒலியை மிகுத்துக் காட்டும் ஒலிபெருக்கியில் கேட்டு ஒருவர் தவிலைக் கலந்தால், அங்கே நிறைவாகத் தோன்றிய முழக்கம் பிறர் வீட்டில் மெலிந்து ஒலிக்கும். சிறிய அறைக்கு ஐந்து அங்குலக் கூம்பே தக்கது. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமையவேண்டும். ஓசையின் அளவையும் காத்தல் வேண்டும். 1933இல் பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர்கள் மெல்லிய ஓசையில் தாழ்ந்த ஒலிகள் செவிக்குக் குறைந்து கேட்கும் என்று அளந்து காட்டினர். ஓசையை மிகுதியாக வைத்துக் கேட்பவரை எல்லாமே நிறைவென்று செவி ஏமாற்றும்.

எத்துணை உயர்ந்த ஒலிபெருக்கியாயினும் அறை கெட்டால் ஒலி கெடும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியால் சொல் விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யுமாறு சபைன் என்னும் இளம் பேராசிரியர் பணிக்கப்பட்டார். அவர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியல் பிறந்தது அந்த மெத்தைகளில்தான். நம் சிமெண்டுச் சுவர் அறைகளுக்கும் பஞ்சு மெத்தையும், கனத்த ஜமுக்காளமும், புத்தக அலமாரியும் நல்ல துணை. ஆயினும், பத்தடி நீள அறையில் ஏறத்தாழ 56 அதிர்வுள்ள ஒலி சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும். துணியால் அது அடங்காது. ஒலிபெருக்கியைச் சுவரை விட்டுச் சற்று விலக்கியும், அமரும் இடத்தை மாற்றியுமே அதனைக் குறைக்கவியலும். மேலும் இது விசைத்தறிகளின் நாடு, லாரிகளின் நாடு. பக்கத்து வீட்டுத் தறியோசையும் நெடுஞ்சாலை இரைச்சலும் ஒலிவாங்கிக்குள் நுழையாத வேளையை அறிந்து பதிதல் அறிவுடைமை.

எனவே கையில் சிறு தொகையே உடைய மாணவர் முதலில் அறையைச் செம்மை செய்க. அடுத்து நேர்மையான ஒலிபெருக்கியையும் நல்ல ஒலிவாங்கியையும் கொள்க. மென்பொருளுக்குக் கடைசியில் செலவிடுக. ஆக்கிய பாட்டை அந்த மென்பொருள் ஒன்றே திறக்கக்கூடிய கோப்பாக மட்டும் விட்டுவிடாமல், எவரும் திறக்கத் தக்க 'வேவ்' கோப்பாகவும் சேமித்து வைக்க. மென்பொருள்கள் மறையும், ஒலி எஞ்சவேண்டும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடைபெறுகிறது. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் கூடி எழுப்பும் அந்த ஒலி எந்த மென்பொருளின் ஒலிக் களஞ்சியத்திலும் ஆயத்தமாகக் கிடைப்பதன்று. கூம்புக் குழலின் காலத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் பதிய வழியில்லை, ஆகவே இழந்தோம். இன்று அந்தத் தடை இல்லை. கருவி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அதனைக் கொண்டு எதைக் கேட்பது, எதைக் காப்பது என்னும் பொறுப்பு இனி மாணவர்களாகிய உங்களுடையது.