தபால் செஸ்: கம்ப்யூட்டர் உதவிக்கு அனுமதி உண்டு... அப்போ ஜெயிப்பது யார்?

செஸ் போட்டி நடக்கும் அரங்கில் செல்போன் வைத்திருந்தாலே ஆட்டம் பறிபோகலாம். ஆனால், ஒரு வகை செஸ்ஸில் உலக சாம்பியன்ஷிப் ஆடுபவர்களே கம்ப்யூட்டரை ஓட விட்டுத்தான் காய் நகர்த்துகிறார்கள். அது முறைகேடு இல்லை, விதியே அனுமதிக்கிறது. அதுதான் கரஸ்பாண்டன்ஸ் செஸ், நம்ம பாஷையில் தபால் செஸ்.

தபால் செஸ் என்றால் என்ன?

அந்தக் காலத்தில் நகர்த்தலை தபால் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஒரு ஆட்டம் முடிய வருடங்களே ஓடிவிடும். இதற்கான சர்வதேச கூட்டமைப்பான ஐசிசிஎஃப் 1951-ல் உருவானது. 2004 முதல் இணைய சர்வர் வழியாகவும் போட்டிகள் நடக்கின்றன. 10 நகர்த்தல்களுக்கு 50 நாட்கள் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு.

ஏன் கம்ப்யூட்டருக்கு அனுமதி?

காரணம் ரொம்ப சிம்பிள். வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆடுபவரை யார் கண்காணிப்பது? தடை போட்டால் நேர்மையாக ஆடுபவருக்குத்தான் நஷ்டம். அதனால் ஐசிசிஎஃப் போட்டிகளில் இன்ஜின் எனப்படும் செஸ் புரோகிராம்களைப் பயன்படுத்தலாம்.

இன்ஜின்கள் எவ்வளவு பலசாலி?

ஆரம்பத்தில் அவ்வளவு பலம் இல்லை. சில நகர்த்தல்களுக்கு அப்பால் வரும் ஆபத்து அவற்றின் கண்ணில் படாது. இதற்கு 'தொடுவான விளைவு' என்று பெயர். இந்தக் குறையை 1970-களில் விளக்கியவர் ஹான்ஸ் பெர்லினர். 5-வது தபால் செஸ் உலக சாம்பியனும் இவரே! பின்னர் 'ஹைடெக்' என்ற செஸ் கம்ப்யூட்டரையும் உருவாக்கினார்.

1997-ல் டீப் ப்ளூ, காஸ்பரோவை 3.5-2.5 என வீழ்த்தியது. 2017-ல் ஆல்ஃபாஜீரோ தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷ் 8 இன்ஜினுடனான 100 ஆட்டங்களில் 28-ல் வென்று 72-ஐ டிரா செய்தது. ஒன்றில்கூட தோற்கவில்லை. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நியூரல் நெட்வொர்க்குக்கு மாறியது. இன்று அது யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்யக்கூடிய புரோகிராம்.

அப்போ எல்லோரும் ஜெயிக்கலாமா?

அங்கேதான் சிக்கல். எதிராளியிடமும் அதே இன்ஜின் இருக்கிறதே! இருவரும் தவறே செய்யாவிட்டால் ஆட்டம் டிராவில்தான் முடியும். உயர்மட்டப் போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் இப்படித்தான் முடிகின்றன. 7 காய்கள் மட்டுமே மிஞ்சும் நிலைகளுக்கு முழு விடையும் 'டேபிள்பேஸ்' தொகுப்புகளில் இருப்பதால், அங்கே வாதத்துக்கே இடமில்லை. இன்ஜின் காட்டும் முதல் நகர்த்தலை அப்படியே ஆடினால் தோற்பது அரிது. ஆனால் ஜெயிப்பதும் அரிது.

மனிதனுக்கு என்ன வேலை?

எந்தத் தொடக்கத்தில் ஆட்டத்தைச் சிக்கலாக்கலாம், எந்த வழியை இன்ஜினிடம் கொடுத்து நாட்கணக்கில் ஆராயச் சொல்லலாம் என்று முடிவெடுப்பது மனிதன்தான். சில நிலைகளில் இன்ஜின் '+1.5' என சாதகம் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் எதிராளி கோட்டை போல அடைத்துக்கொண்டால் உள்ளே நுழைய வழியே இருக்காது. அதைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். 32-வது உலக சாம்பியன்ஷிப்பை 2022-ல் வென்ற அமெரிக்காவின் ஜான் எட்வர்ட்ஸும் இன்ஜின் வைத்திருந்தவர்களுக்கு எதிராகத்தான் ஜெயித்தார்.

இதைக் கண்டிப்பா கவனிங்க!

செஸ்.காம், லிசெஸ் தளங்களிலும் ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில் நேரம் தரும் ஆட்டங்கள் உண்டு. 'இதுவும் தபால் செஸ்தானே' என்று இன்ஜினைத் திறந்துவிடாதீர்கள். தொடக்க நகர்த்தல்களுக்குப் புத்தகம் பார்க்கலாம், ஆனால் இன்ஜின் உதவி அங்கே மோசடி. பிடிபட்டால் கணக்கே முடக்கப்படும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆப்பில் செஸ் ஆடுகிறார்களா? இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள்.