போர்க் அசையத் தொடங்கிய பின்: கொழும்புச் சைக்கிள் தொழிலில் ஒரு மாற்றம்

கொழும்பின் சைக்கிள் திருத்தும் தொழில் ஏறக்குறைய நூறாண்டு காலம், அசையும் பாகங்கள் மிகக் குறைந்த ஒரு வண்டியை நம்பியே வாழ்ந்தது. முன்சில்லின் இருபுறமும் இறங்கி அதன் அச்சைப் பற்றி நிற்கும் கவை வடிவ உறுப்பு, அதாவது கராஜ் வழக்கில் போர்க், உருக்குக் குழாயை வளைத்துச் செய்யப்பட்டதாக இருந்தது. அதனுள் வில்லோ எண்ணெயோ இறப்பர் வளையமோ இருக்கவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று ஓடும் மலைச்சைக்கிள் வடிவ வண்டிகளில் அந்த இடத்தை, ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் குழாய்களைக் கொண்ட அதிர்வுதாங்கும் போர்க் பிடித்துக்கொண்டது. உறுப்பு மாறியதே தவிர, அதைப் பேணும் வழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை என்பதே இத்தொழிலின் அண்மைக்கால வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

பழைய வண்டிக்கு அதிர்வுதாங்கி இல்லை என்று சொல்வதும் முழு உண்மையன்று. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த ரயரே சைக்கிளுக்குக் கிடைத்த முதற் பெரும் அதிர்வுதாங்கி. அதற்குத் துணையாக இருக்கையின் கீழ் சுருள்வில்லும், முன்நோக்கி நன்கு வளைந்து சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் போர்க்கும் அமைந்தன. பிரித்தானியாவிலிருந்து துறைமுகம் வழியே வந்து இறங்கிய றலி, ஹம்பர் போன்ற வண்டிகள், 28 அங்குலச் சில்லும் அதிகம் சாய்ந்த முன்கழுத்தும் கொண்டிருந்தமையால், கருங்கல் பரப்பிய வீதிகளிலும் கபுக்கல் மண் ஒழுங்கைகளிலும் உலுக்கலை ஓரளவு உள்வாங்கிக்கொண்டே ஓடின. இவற்றுள் ஹம்பரின் போர்க் தனித்தன்மை உடையது: ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தடித்த குழாய்க்குப் பதிலாக இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்கும் அதன் அமைப்பைத் தொலைவிலேயே அடையாளம் காணலாம், அந்த அழகுக்கு விலையாக, பற்றவைத்த மூட்டுகளும் அதில் அதிகம்.

கந்தோர் ஊழியர், தபாற்காரர், கரியரில் மரப்பெட்டி கட்டிய பாண்காரர், மீன் வியாபாரி ஆகியோரின் வண்டிகள் நாள் முழுவதும் ஓடியவை. ஆதலால் ‘ஓவர்ஹோல்’ எனப்பட்ட முழுப் பராமரிப்பு இத்தொழிலின் மையச் சடங்கு போல ஆயிற்று. வண்டியை முற்றாகக் கழற்றி, உள்ளூர் சபையின் ஆண்டு உரிமத் தகட்டை மட்டும் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்றெல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, தேய்ந்த குண்டுகளை மாற்றி, புதுக் கிறீஸ் பூசி மறுபடி பூட்டுவதே அதன் முறை. போர்க்கைப் பொறுத்தவரை வேலை கழுத்தோடு முடிந்தது: மேலும் கீழும் உள்ள கிண்ணங்களில் குண்டுகள் தடையின்றி உருள்கின்றனவா, ஹாண்டில் ஆட்டம் இன்றித் திரும்புகின்றதா என்று பார்த்தால் போதும். விபத்தில் வளைந்த போர்க்கை நீண்ட இரும்புக் குழாயைச் செருகி நெம்பி நேராக்கினர்; உச்சியில் வெடிப்புக் கண்டால் பித்தளையால் பற்றவைத்தனர். முறிவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்து எச்சரிக்கும் மென் உருக்கின் இயல்பே இந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது.

1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு, எதையும் எறியாமல் திருத்தும் இந்தப் பழக்கத்தை மேலும் இறுக்கியது. 1977இன் திறந்த பொருளாதாரம் யப்பானிய மோட்டார் சைக்கிள்களைப் பெருமளவில் கொண்டுவந்தபோது, உயர்தரத் திருத்துநர் பலரின் கவனம் அவற்றின் பக்கம் திரும்பியது. புறக்கோட்டை டாம் வீதி சைக்கிளுக்கும், மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை மோட்டார் வாகன உதிரிப்பாகத்துக்கும் பேர்பெற்ற இடங்களாக நிலைத்தன. 1983 யூலை வன்செயல்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. ஏட்டில் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்குப் போகும் தொழிலுக்கு, இடம் அழிவதென்பது பயிற்சிக்கூடமும் அழிவதாகும். 1990களில் வடக்கிலிருந்து இவ்விரு பகுதிகளிலும் வந்து குடியேறியோர், போர்க்கால எரிபொருள் தடையின்கீழ் சைக்கிளையே முழு வாகனமாக்கிப் பழகியவர்கள்; ஆயினும் அவர்கள் அறிந்ததும் அசையாத போர்க்கைத்தான்.

அசையும் போர்க் உண்மையில் மோட்டார் சைக்கிளின் வழித்தோன்றல். எண்ணெயால் அசைவைத் தணிக்கும் தொலைநோக்கி வடிவப் போர்க்கை, 1935இல் பீஎம்டபிள்யூ நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அந்த எண்ணத்தை மலைச்சைக்கிளுக்கு இறக்கியவர்களுள் முதன்மையானவர், மோட்டோகுரொஸ் பந்தயத்துறையில் இருந்து வந்த அமெரிக்கரான போல் டேர்னர். 1989இல் தொடங்கிய அவருடைய றொக்‌ஷொக்ஸ் நிறுவனத்தின் முதற் போர்க், சில்லு ஏறத்தாழ 5 சென்றிமீற்றர் மட்டுமே மேலெழ இடம் தந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதலாவது உலக மலைச்சைக்கிள் போட்டியில், இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்ட் அதனையே பயன்படுத்தினார். அதே காலத்தில் டக் பிராட்பெரியின் மனிட்டு போர்க், வில்லுக்குப் பதிலாக நெகிழ்பொருள் கட்டைகளைப் பயன்படுத்தியது. குளிரில் விறைத்து வெப்பத்தில் தளர்வது அவற்றின் குறை. பந்தயத்தில் பிறந்த பொருள் பின்னர் மலிவுப் பதிப்பாகி, சந்தைச் சைக்கிளின் அலங்காரமாகவே இலங்கைக்கு வந்தது எனலாம். கொழும்பின் சமதரை வீதியில் அதன் தேவை மிகச் சிறிது, கவர்ச்சியோ பெரிது.

அதன் அமைப்பைச் சுருக்கமாக விளக்குவது பயன்தரும். மேற்குழாய்கள் இரண்டும் கீழ்க்குழாய்களுள் வழுக்குகின்றன. ஒரு காலில் சுருள்வில்லோ அடைத்த காற்றோ இருந்து பாரத்தைத் தாங்க, மற்றக் காலில் சிறு துளைகளூடாக எண்ணெயைச் செலுத்தி அசைவைத் தணிக்கும் பகுதி இருக்கும். ஓட்டுநர் ஏறி அமர்ந்தவுடன் போர்க் தானாகவே அமிழும் அளவு முதலில் சரிசெய்யப்பட வேண்டும். அது மொத்த அசைவின் 15 முதல் 30 வீதத்துக்குள் இருப்பதே வழமை. 100 மில்லிமீற்றர் அசையும் போர்க்கில் 20 மில்லிமீற்றர் அமிழ்வை, மேற்குழாயில் மாட்டிய இறப்பர் வளையம் எங்கே தள்ளப்பட்டு நிற்கிறது என்பதைக் கொண்டே அளந்துவிடலாம். காற்றுப் போர்க்கில் சிறு கைப்பம்பினால் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனை எட்டலாம். மலிவான சுருள்வில் போர்க்கிலோ உச்சியில் உள்ள குமிழ், வில்லை முன்கூட்டியே சற்று இறுக்குமே ஒழிய வில்லின் வலிமையை மாற்றாது; ஆகவே 50 கிலோ எடையுள்ளவருக்கு அசையாமலும் 90 கிலோ எடையுள்ளவருக்கு அடிவரை இறங்கியும் போகும் ஒரே போர்க்கை, எவ்வளவு திருகினாலும் இருவருக்கும் பொருத்த முடியாது. குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் கடைகள், இந்த வேறுபாட்டை வாங்குபவருக்குச் சொல்வது அரிது.

பராமரிப்பில்தான் பழைய ஒழுக்கமே புதிய பழுதுக்குக் காரணமாகும் விந்தை நிகழ்கிறது. குண்டும் கிண்ணமும் மண்ணெண்ணெயில் தூய்மை பெற்றன. அதே மண்ணெண்ணெய், கீழ்க்குழாயின் வாயில் அழுக்கை வழித்தெடுக்கும் ‘சீல்’ எனும் இறப்பர் வளையத்தை ஊதச் செய்து, உள்ளிருக்கும் கிறீஸையும் கழுவிவிடுகிறது. கிறீச்சிடும் இடத்தில் எந்திர எண்ணெய் ஊற்றும் வழக்கம், வெளிப்புறத்தில் மணலை ஒட்டவைத்து ஒவ்வோர் அசைவிலும் உள்ளே இழுத்துச் செல்கிறது. உற்பத்தியாளர் வகுத்த முறையோ வேறு: கீழ்க்குழாய்களைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, கடற்பஞ்சு போன்ற வளையங்களை நனைத்து, சீல்களுக்கு உரிய கிறீஸ் இட்டு, குறித்த அளவு எண்ணெய் ஊற்றிப் பூட்ட வேண்டும், உயர்தரப் போர்க்குகளுக்கு இதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யுமாறு றொக்‌ஷொக்ஸ் கூறுகிறது. மோட்டார் சைக்கிள் போர்க்கின் சீல் மாற்றிப் பழகிய பஞ்சிகாவத்தைக் கைகளுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கைகள் சைக்கிளைத் தொடுவதில்லை. சைக்கிளைத் தொடும் கைகள் போர்க்கைத் திறப்பதில்லை.

வெள்ளவத்தையில் இதன் விளைவு விரைவில் தெரிகிறது. கடலை ஒட்டிப் புகையிரதப் பாதையும், அதனருகே மெரைன் டிரைவும் ஓடுவதால், உப்பேறிய காற்று ஆண்டு முழுவதும் வண்டிமேல் படிகிறது; தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது ஈரத்தோடு சேர்கிறது. மலிவுப் போர்க்கின் மேற்குழாய் குரோம் முலாம் பூசிய உருக்கு. முலாமில் நுண்ணிய கீறல் விழுந்த இடத்தில் துருப்புள்ளி எழும்பி, அரம் போலச் சீலின் உதட்டை அறுக்க, நீரும் மணலும் இறங்கி உட்கிறீஸ் சேறாகிறது. பிறகு குழாய்களுக்கு இடையே உள்ள வழுக்கு வளையங்கள் தேய்ந்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் காலில் ஆட்டம் புலப்படும். மேற்குழாயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தும் ஒரு நிமிட வேலை இவ்வளவையும் நெடுங்காலம் தள்ளிப்போடக் கூடியது. மலைச்சரிவில் பாய்ந்து உடையும் போர்க்கைக் காட்டிலும், மாடிப்படியின் கீழ் நின்றபடியே இறுகிப்போகும் போர்க்கே இந்நகருக்கு உரியது.

2022இன் எரிபொருள் நெருக்கடி, நெடுங்காலம் கிடப்பில் இருந்த இத்தகைய வண்டிகளை மீண்டும் வீதிக்கு இழுத்தது. அவ்வாண்டு யூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தமையால், பழையதை எழுப்புவதே பலருக்கு இருந்த வழி. இறுகிய போர்க்கைத் திறந்து சீர்செய்வதைவிடக் கழற்றி எறிந்து, அசையாத உருக்குப் போர்க்கைப் பூட்டுவது மலிவாகத் தோன்றும். தொழிலும் தான் நன்கறிந்த பொருளுக்குத் திரும்பும். ஆனால் 26 அங்குலச் சில்லுக்கான 100 மில்லிமீற்றர் போர்க், அச்சிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 470 மில்லிமீற்றர் நீளமுடையது. பழைய வகை அசையாத போர்க்கோ 400ஐ ஒட்டியது. நீளம் பாராமல் மாற்றினால் வண்டியின் முன்புறம் தாழ்ந்து, கழுத்து நிமிர்ந்து, ஹாண்டில் படபடப்பாகத் திரும்புவதோடு, வளைவில் பெடல் தரையைத் தட்டவும் கூடும். ஆகவே அதிர்வுதாங்கியின் நீளத்துக்கு ஈடாகச் செய்யப்பட்ட அசையாத போர்க்கைத் தேடிப் பூட்டுவதே முறையாகும்.