நிலநடுக்கமா, நில அதிர்வா?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 6.13. ஜொகூரில் சிகாமட்டுக்கு அருகே, 10 கிலோமீட்டர் ஆழத்தில் நிலம் அசைந்தது. ரிக்டர் அளவு 4.1. நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் வரை அது உணரப்பட்டது. மலாயில் 'கெம்பா பூமி' என்று அறிவித்தார்கள். நம்மவர்களோ பூகம்பம், நிலநடுக்கம், நில அதிர்வு என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா?

'பூகம்பம்' வடசொல். பூ என்றால் நிலம், கம்பம் என்றால் அசைவு. கருநாடக இசையில் சுரத்தை அசைத்துப் பாடும் 'கம்பிதம்' என்ற கமகமும் இதே வேரில் பிறந்ததுதான். ஆனால் தமிழ்க் காதுக்குக் கம்பம் என்றதும் தூண்தான் நினைவுக்கு வரும். மலேசியத் தமிழருக்கு இன்னொரு கம்பமும் உண்டு. மலாய்க் 'கம்போங்' நம் வாயில் கம்பமாகி, கம்பத்து வீடு, கம்பத்து ஆட்கள் என்று வழங்குகிறது. இவற்றுக்கிடையே அசைவு என்ற பொருள் மறைந்தே போய்விட்டது.

'நிலநடுக்கம்' அப்படியல்ல, கேட்டதும் புரியும். குளிரில் உடல் நடுங்கும், அச்சத்தில் நெஞ்சு நடுங்கும். உயிருள்ளதன் வினையை மண்ணுக்கு ஏற்றிய சொல் அது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே.

'அதிர்வு' இன்னும் நுட்பமானது. தொல்காப்பியர் உரியியலில் அதிர்வு, விதிர்ப்பு என்ற இரண்டுக்கும் நடுக்கம் என்றே பொருள் தருகிறார். பிற்கால வழக்கிலோ அதிர்வில் ஒலியும் சேர்ந்துகொண்டது. முரசு அதிர்கிறது, இடியில் வீடு அதிர்கிறது. முரசை அறைந்த இடம் ஒன்று, அதிரும் இடம் இன்னொன்று. ஜொகூருக்கு இந்த வேறுபாடு பழக்கமானது. 2009 செப்டம்பர் 30 அன்று சுமத்ராவின் பாடாங்கை 7.6 அளவில் நிலநடுக்கம் தாக்கியபோது, நீரிணைக்கு இப்பாலும் அடுக்குமாடிகள் ஆடின. மலாயில் அதைக் 'கெகாரான்' என்பார்கள். நமக்கு நில அதிர்வு.

சிகாமட்டில் நடந்தது வேறு. அதன் மூலம் காலடியிலேயே இருந்தது. புவியியலாளர்கள் மெர்சிங் பிளவு மண்டலத்தைச் சுட்டினார்கள். அளவு சிறியது என்பதற்காக அதை 'அதிர்வு' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு அசைந்தது என்பதை எண் சொல்லட்டும்; எங்கிருந்து அசைந்தது என்பதைச் சொல் சொல்ல வேண்டும். அடுத்து வருபவற்றைப் 'பின்னதிர்வு' என்கிறோம். மலாயில் அது 'கெம்பா சுசுலான்'. அங்கே கெம்பா மாறவில்லை. யோங் பெங் அருகே அன்று காலையே பதிவான 2.8 அளவு அசைவும் அந்த மண்ணுக்குள்ளேயே பிறந்தது. அதையும் நிலநடுக்கம் என்றே எழுதுவேன்.