இரண்டு பெட்டிகள்

1956 மே மாதம். திருச்சியில் தி.மு.க.வின் இரண்டாவது மாநில மாநாடு. தேர்தலில் நிற்கலாமா என்று வந்திருந்தவர்களையே கேட்டார் அண்ணா. நிற்கலாம் என்போருக்குச் சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்போருக்குக் கறுப்புப் பெட்டி. எண்ணியபோது சிவப்பில் 56,942, கறுப்பில் 4,203. தனிநாடு கேட்டுக்கொண்டிருந்த ஒரு கட்சி ஓட்டுப்பெட்டியின் பக்கம் திரும்பியது இப்படித்தான். தலைவர்கள் அறைக்குள் பேசி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை என்பதாலேயே அந்த மாநாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். மறு ஆண்டு சட்டமன்றத்தில் 15 இடங்கள், 1967இல் ஆட்சி.

அந்த ஓட்டுக்கு டெல்லி கொடுத்த மதிப்பு 1976 ஜனவரி 31 அன்று தெரிந்தது. நெருக்கடிநிலையை எதிர்த்த கருணாநிதி அரசு 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. பதவிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்தன; அதுவரைகூடப் பொறுக்கவில்லை. மிசாவில் கைதாகிச் சிறையில் அடிபட்ட சென்னை முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்துபோனார். 1991 ஜனவரியில் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் இன்னொரு கலைப்பு. 1994 மார்ச்சில்தான், பொம்மை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கடிவாளம் போட்டார்கள்: ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில் பார்க்க வேண்டும், கலைப்பு சரியா என்பதை நீதிமன்றம் ஆராயலாம்.

மாநிலங்கள் மூச்சுவிட்ட அதே 1994இல், 1871 முதல் இருந்துவந்த ஸ்ரீரங்கம் நகராட்சி மறைந்தது. பொன்மலையோடு சேர்த்து அதைத் திருச்சி மாநகராட்சியில் இணைத்தது அ.தி.மு.க. அரசு. இணைப்பில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் 1986க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கைதூக்க ஸ்ரீரங்கத்தில் ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. மாநில உரிமை பேசிய சென்னை, கோட்டைக்குக் கீழே இருந்த ஊர்களிடம் டெல்லியாகவே நடந்துகொண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய 74ஆவது திருத்தம் 1993லேயே அமலுக்கு வந்தும், ஓட்டுப் போட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதோடும் முடியவில்லை. 2016இல் இடஒதுக்கீட்டில் குறை என்று தி.மு.க. வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைத் தீர்த்து உடனே நடத்தியிருக்க வேண்டிய அ.தி.மு.க. அரசு ஆண்டுகளைக் கடத்தியது. திருச்சியின் 65 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் ஓட்டுப்பதிவு. அதுவரை, சாக்கடை அடைத்தாலும் குடிநீர் வராவிட்டாலும் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் சாலைக்காரர்கள் முறையிடப் போனது, அவர்களிடம் ஓட்டுக் கேட்டு ஒருநாளும் வரவேண்டியிராத அதிகாரிகளிடம்.

(தொடரும்)