இரத்மலானையில் ஆறு விமானங்கள்

தஞ்சாவூரில் விமானச் சண்டை விளையாட்டு நடத்துகிறேன் என்றால், "சுகோய் வச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயம்தான். 2020 ஜனவரியிலிருந்து இங்குள்ள தளத்தில் சுகோய்-30 படையணி இருக்கிறது. ஆனால் அந்தத் தளத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் இரட்டை இறக்கை விமானங்களோடு ஜப்பானியரை எதிர்த்து அழிந்துபோன பிரிட்டிஷ் 36ஆவது ஸ்குவாட்ரன், 1942இல் வெலிங்டன் விமானங்களோடு இங்கேதான் மறுபடி உருவானது. போர் நமக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது.

அதனால் எங்கள் ஆறு பேர் குழுவுக்கு நான் எடுத்துக்கொண்டது 1942 ஏப்ரல் 5, கொழும்பு. ஈஸ்டர் ஞாயிறு.

பொம்மைகள் முந்நூறில் ஒரு பங்கு அளவு. ஹரிகேனின் இறக்கை நான்கு சென்டிமீட்டர்தான். கீழே அறுகோணக் கட்டம் போட்ட தாள், பக்கத்தில் உயரத்தைக் காட்ட ஒரு பகடை. திரும்புவதா, ஏறுவதா, இறங்குவதா என்று எல்லோரும் ரகசியமாகத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் பிரிப்போம். கணிப்பு தப்பினால் எதிரி உங்கள் வாலுக்குப் பின்னால் இருப்பான்.

நடத்துபவனுக்குச் சிக்கல் வேறு. முந்தைய நாளே பெர்ச்சால் என்ற கனடா விமானி கேட்டலீனாவில் பறந்து ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். சுட்டு வீழ்த்தப்படும் முன் செய்தியும் அனுப்பினார். தாக்குதல் வரும் என்று இலங்கைக்குத் தெரியும். ஆனாலும் காலையில் ராடார் எச்சரிக்கை வரவில்லை. ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து நூற்று இருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது இரத்மலானையின் ஹரிகேன்கள் தரையில் நின்றன. அந்த நேரம் பார்த்து திருகோணமலையிலிருந்து ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் டார்பிடோ விமானங்கள் அங்கே வந்தன. மணிக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும் இரட்டை இறக்கை விமானங்கள். ஜீரோக்களின் வேகம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆறும் விழுந்தன.

இதை எப்படி ஆடுவது? "ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் ஆட்டம்" என்பார்கள் தம்பிகள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலும் ஒரு ஓடுதளம் இருந்தது, ஜப்பானியருக்கு அது தெரியாது. அங்கிருந்து எழும்பிய ஹரிகேன்களை வைத்துக்கொண்டால் ஆட்டம் ஓரளவு சமமாகும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. சமமாக்கிய கொழும்பு வேறு ஏதோ ஊர். அதனால் ஸ்வோர்ட்ஃபிஷ் ஆடுபவருக்குச் சுட்டு வீழ்த்தினால்தான் புள்ளி என்ற விதியை எடுத்தேன். உயிரோடிருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி. ஒருமுறை ஒன்று தரையிறங்கியே விட்டது. கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

(யார் எத்தனை வீழ்த்தினார்கள் என்ற கணக்கில் இரண்டு தரப்புமே தாராளம். ஹரிகேன்கள் சுமார் இருபது போயின. ஜப்பானியர் இழந்தது ஏழு. அன்றைய அறிக்கைகளைப் படித்தால் வேறு போர் மாதிரி இருக்கும்.)

மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையே காலியாக ஆரம்பித்தது. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் சொல்வது என் வழக்கம். ஒரத்தநாட்டிலிருந்து வரும் அண்ணன் (நடவு நாளில் வரமாட்டார்) ஒருநாள் கேட்டார்:

"எங்க பாட்டனார் அப்ப கொழும்பு ஆர்பர்ல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தாரு தம்பி. இதுல அவரு எங்க இருக்காரு?"

துறைமுகம் எங்கள் தாளிலேயே இல்லை. இரத்மலானைக்கு வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர். வானத்தை மட்டும் ஆடிக்கொண்டிருந்தோம். அங்கொடை மனநல மருத்துவமனைமேல் விழுந்த குண்டுகளுக்கும் விதிப்புத்தகத்தில் எண் கிடையாது.

அடுத்த மாதம் வடக்கே இன்னொரு தாளை ஒட்டினோம். குண்டுவீச்சு விமானங்கள் அதற்குள் நுழைந்தால் பகடையை உருட்டுவது அண்ணன்தான். ஆட்டம் இதனால் ஒரு மணி நேரம் இழுக்கிறது, மதியச் சாப்பாடு தள்ளிப்போகிறது. தாளைக் கிழித்துவிடலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.