காய்ச்சல் வந்தால் அம்மா எங்கே படுப்பார்?

கொடைக்கானலில் மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சன்னலைத் திறக்கமாட்டோம். ஒரே அறையில் குமுட்டி அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்போம். ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் ஒரு வாரத்துக்குள் வீடே படுத்துவிடும், அம்மாவைத் தவிர. அவருக்கும் உடம்பு கொதிக்கும். ஆனால் கஞ்சி காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் அவரை விட்டால் ஆளில்லை.

1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலைப் பற்றிப் படித்தபோது அம்மாதான் நினைவுக்கு வந்தார். ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய அந்த இன்ஃப்ளூயன்சா, செப்டம்பர் முதல் இரண்டாம் அலையாகச் சென்னை மாகாணத்தையும் தாக்கியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 20-ஆம் நூற்றாண்டில் நம் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலானதுதான்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆண்களே அதிகம் இறந்தார்கள். இங்கோ பெண்கள், அதிலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள், ஆண்களைவிட அதிகமாக இறந்தார்கள். ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள்: நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள், மழை பொய்த்துத் தானிய விலை ஏறிய அந்த ஆண்டில் வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிட்டவர்களும் பெண்கள்.

அதே 1918 ஆகஸ்டில்தான் வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை இளம்வயதில் திண்டிவனத்தில் அறிந்தவர் அவர். முதுமையில் கொடைக்கானலில் வாழ்ந்து 1960-இல் இங்கேயே காலமானார். பெண்ணுக்கு மருத்துவம் பார்க்கப் பெண்களை உருவாக்கினார். ஆனால் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

இருமும்போது வாயை மூடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அறைக்குள் காற்று வரட்டும், காய்ச்சல்காரர் தனியாக ஓய்வெடுக்கட்டும் என்கிறார்கள். எல்லாம் சரியான அறிவுரைகள்தான். ஆனால் இந்தக் குளிரில் கை கழுவ வெந்நீர் வேண்டும். அதற்கு விறகும் தண்ணீரும் யாராவது சுமக்க வேண்டும். தனியாகப் படுத்தவருக்குச் சாப்பாடு போக வேண்டும். இந்த வேலைகள் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால், முதலில் தொற்றுவதும் அவளுக்கே; அவள் கையால் சாப்பிடும் எல்லோருக்கும் பரப்புவதும் அவளாகவே ஆகிவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் அதிக ஆபத்து என்பதால், ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் அவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் பெண்ணுக்குத் தடுப்பூசி என்ற பேச்சே எழுவதில்லை.

போன குளிர்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, கம்பளி போர்த்தி, தனி அறையில் படுக்கவைத்தோம். மூன்று நாளும் தம்பிதான் சமைத்தான். கஞ்சியில் உப்பு கூடிப்போயிருந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகாமல், அதையே குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.