பூனையின் எல்லை எதுவரை?

நம் ஊர்ப் பக்கம் பூனைத் தொல்லை தாங்காவிட்டால் சாக்கில் கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். ரெண்டு நாளில் அது பழைய திண்ணையில் வந்து படுத்திருக்கும்! அப்படியென்றால் பூனைக்கு என்று ஓர் எல்லை இருக்கிறதா? விடை தேடினால் சங்க காலத்துக்கே போக வேண்டியிருக்கிறது நண்பர்களே.

பழந்தமிழில் வெருகு, பூசை என்று இரண்டு பெயர்கள் உண்டு. வெருகு என்றால் பெரும்பாலும் காட்டுப்பூனை என்றே பொருள் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பூசை என்றும் சொல்லலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அன்றைக்கே அழுத்தமான கோடு இல்லை போலும்.

குறுந்தொகை 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு காட்சி காட்டுகிறார். மாலையில் வேலியோரம் வெருகுகள் வர, வீட்டுக் கோழி பயந்துபோய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. ஊர் பேசும் அலருக்கு இது உவமை. ஆனால் நேரத்தையும் இடத்தையும் கவனியுங்கள். மாலை, வேலி! இன்றும் பூனை இனம் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும்தான்.

கபிலர் புறநானூறு 117இல் முல்லை மொட்டை வெருகுக் குட்டியின் பல்லுக்கு ஒப்பிடுகிறார். கிட்டத்தில் பார்த்தவர்தான் இப்படிச் சொல்ல முடியும். இதே கபிலர் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கியதாகத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. 2019 முதல் அந்த ஊர் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

சரி, வீட்டுப்பூனை எங்கிருந்து வந்தது? அதன் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனுக்கு அருகே புதைத்த பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004இல் வெளிவந்தது. தானியம் சேர்த்தோம், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனையும் வந்தது. நாம் பிடித்துக் கட்டி வைத்த விலங்கு அல்ல அது.

அதனால்தான் அதன் எல்லையையும் தீனியே தீர்மானிக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 6 நாடுகளின் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கருவி கட்டிப் பார்த்தார்கள். சராசரி எல்லை 3.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 9 ஏக்கர்தான். வேட்டையின் பாதிப்பும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள்தான். ஆனால் 2011இல் வந்த அமெரிக்க இல்லினாய்ஸ் ஆய்வில் யாரும் வளர்க்காத ஒரு கடுவன் பூனை 547 ஹெக்டேர் சுற்றியிருக்கிறது! வேளைக்குச் சோறு கிடைக்கும் பூனை தெருவோடு நின்றுவிடும். கிடைக்காதது தீனியையும் துணையையும் தேடி அலையும்.

நகரத்தில் இது வெறும் வேடிக்கை. சாமையும் மரவள்ளியும் விளையும் கல்வராயன் மலையூர்களில் அப்படி இல்லை. அங்கே வேலி தாண்டினால் காடு. 100 மீட்டர் என்பது காட்டுக்குள்ளேயே போய்விடும். பறவைகளும் ஓணான்களும் இரையாகும், வீட்டுப்பூனையின் தொற்றுநோய் காட்டுப்பூனைக்கும் பரவலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பூனையை வேட்டையிலிருந்து காப்பாற்றும், நோயிலிருந்து காப்பாற்றாது.

அதற்குச் சட்டம் தேவையில்லை, நாமே போதும். வளர்க்கும் பூனைக்கு வேளைக்குச் சோறு வையுங்கள், தடுப்பூசியும் கருத்தடையும் செய்யுங்கள், இரவில் வீட்டுக்குள் வையுங்கள். கோழியை அந்தி சாயும் முன்பே அடைத்துவிடுங்கள். மாசாத்தியாரின் கோழிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா என்ன?